குரோமிலிருந்து ஃபயர்பாக்ஸுக்கு: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

பட்டா சிட்டா எடுப்பது, வில்லங்கம் பார்ப்பது, கரண்ட் பில் கட்டுவது, பிள்ளையின் பத்தாம் வகுப்பு மார்க் பார்ப்பது, பேங்கில் பணம் வந்ததா என்று சரிபார்ப்பது, இத்தனையும் இப்போது பிரவுசரில்தான் நடக்கிறது. ஆனால் எந்த பிரவுசர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "கம்ப்யூட்டர் வாங்கினப்போ என்ன இருந்துச்சோ அதான்" என்கிறார்கள். மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் தெரிந்தவர்கள் லேப்டாப்பைப் பார்த்துத் தரச் சொன்னால் நான் முதலில் திறந்து பார்ப்பது பிரவுசரைத்தான். பல நேரம் கோளாறு அங்கேயே கிடக்கும்.

பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் ஒருவரின் லேப்டாப்பில், திரையின் வலது கீழ் மூலையில் ஒன்றன் மேல் ஒன்றாகச் சின்னச் சின்னப் பெட்டிகள் முளைத்துக்கொண்டே இருந்தன. சிவப்பு எழுத்தில் "உங்கள் கணினியில் வைரஸ்" என்று ஆங்கிலத்தில் ஒன்று, பரிசு விழுந்திருப்பதாக ஒன்று. வைரஸ் என்றே நம்பி ஆன்டிவைரஸுக்குப் பணம் கட்டியிருந்தார். அது வைரஸே இல்லை. சீரியல் பார்க்கும் ஏதோ ஒரு தளம் "நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா" என்று கேட்டபோது வீட்டில் யாரோ "அலவ்" அழுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த அனுமதியை எடுத்ததும் பெட்டிகள் நின்றுவிட்டன. ஆனால் அந்தப் பெட்டி ஒன்றை அழுத்தி, அதில் வந்த எண்ணுக்கு போன் செய்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இந்த மாதிரி ஆபத்துகளைக் குறைக்க பிரவுசரை மாற்றுவது உதவும். எப்படி மாற்றுவது என்பதை, இதற்குமுன் செய்து பார்க்காதவருக்கும் புரியும்படி எழுதுகிறேன்.

மாற்றினால் என்ன கிடைக்கும்?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குரோம் பாதுகாப்பில்லாத பிரவுசர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதன் ஓட்டைகளை கூகுள் வேகமாகவே அடைக்கிறது. என் கவலை வேறு.

குரோம், எட்ஜ், பிரேவ், விவால்டி, ஓபரா எல்லாம் உள்ளே குரோமியம் என்ற ஒரே அடிப்படையில் இயங்குபவை. ஃபயர்பாக்ஸ் மட்டும் கெக்கோ என்ற தனி எஞ்சினில், அதாவது பக்கத்தைத் திரையில் காட்டும் தனி உள்பகுதியில் ஓடுகிறது. குரோமியத்தில் ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டால் அத்தனை பிரவுசருக்கும் அது பொருந்தலாம். அப்படிப்பட்ட நாட்களில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் எச்சரிக்கை வெளியிடுகிறது, செய்தியிலும் வருகிறது. கணினியில் இரண்டு பிரவுசர், அதுவும் இரண்டு வேறு எஞ்சினில் இருந்தால், ஒன்றுக்கு அப்டேட் வரும்வரை மற்றதில் வேலையைப் பார்க்கலாம். நாளை ஃபயர்பாக்ஸில் ஓட்டை என்றாலும் இதே கணக்குதான்.

இரண்டாவது காரணம் விளம்பரம். போலி டவுன்லோடு பொத்தான், போலி வைரஸ் எச்சரிக்கை, போலி கஸ்டமர் கேர் எண், இவற்றில் பெரும்பகுதி விளம்பரமாகத்தான் நம் கண்முன் வருகிறது. இவற்றைத் தடுப்பதில் யூபிளாக் ஆரிஜின் என்ற இலவச எக்ஸ்டென்ஷனுக்கு (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன மென்பொருள்) நிகராக நான் வேறொன்றைப் பார்த்ததில்லை. குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றி, 2024-25இல் பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தியபோது யூபிளாக் ஆரிஜினும் அதோடு போனது. இப்போது குரோமில் அதன் லைட் வடிவம் மட்டுமே கிடைக்கிறது. ஃபயர்பாக்ஸில் முழு வடிவமும் ஓடுகிறது. நான் மாறச் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, 2022 முதல் ஃபயர்பாக்ஸ் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் (உங்களை அடையாளம் காணத் தளம் வைக்கும் சிறு குறிப்பு) தனித்தனி டப்பாவில் பூட்டி வைக்கிறது. ஒரு கடையின் தளத்தில் ஃபேன் விலை பார்த்துவிட்டு வேறு எங்கே போனாலும் ஃபேன் விளம்பரம் துரத்துகிறதே, அந்தத் தொல்லை குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேறு பிரவுசர்களும் இருக்கின்றன. குரோம் பழக்கம் மாறாமல் விளம்பரம் மட்டும் போனால் போதும் என்பவருக்கு பிரேவ் சரிப்படும். நம்ம ஊர் ஆக்கம் வேண்டும் என்றால் ஜோஹோ 2023இல் வெளியிட்ட உலா இருக்கிறது. மத்திய அரசு நடத்திய இந்திய பிரவுசர் போட்டியில் 2025இல் முதல் பரிசு வாங்கியது அதுதான். இரண்டுமே குரோமியம் வகை என்பதால், ஃபயர்பாக்ஸுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

தொடங்கும் முன்

விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் பெட்டியில் ஆங்கிலத்தில் வின்வர் (winver) என்று தட்டி என்டர் கொடுங்கள். உங்கள் விண்டோஸ் எத்தனையாவது என்று காட்டும். 10 அல்லது 11 என்றால் ஃபயர்பாக்ஸ் ஓடும், ஆனால் 10க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. 7 அல்லது 8 என்றால், குரோம் 109ஆம் பதிப்போடு உங்களைக் கைவிட்டுவிட்டது. அந்தக் கணினிகளுக்காக, ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லா 115 இஎஸ்ஆர் என்ற தனிப் பதிப்பு கொடுத்தது. அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப்பை இன்னும் ஓட்டுகிறவர்கள் பாடம் படிக்க, செய்தி பார்க்க அதைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் விண்டோஸுக்கே பாதுகாப்பு அப்டேட் வராமல் கிடக்கும் கணினியில் எந்த பிரவுசரைப் போட்டாலும் பேங்க் வேலை மட்டும் செய்யாதீர்கள்.

பழைய பிரவுசரை இப்போது அழிக்க வேண்டாம். அதற்கு இன்னும் வேலை இருக்கிறது.

டவுன்லோடு

தேடுபொறியில் "ஃபயர்பாக்ஸ் டவுன்லோடு" என்று தேடாமல், முகவரிப் பட்டையில் நேராக ஃபயர்பாக்ஸ் டாட் காம் அல்லது மொசில்லா டாட் ஓஆர்ஜி என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். தேடினால் மேலே வரும் முதல் வரி விளம்பரமாக இருக்கலாம், அதில் போலித் தளமும் இருக்கலாம். எட்ஜிலிருந்து இறக்கினால் "எட்ஜே நன்றாக இருக்கிறதே" என்று ஒரு அறிவிப்பு வந்தாலும் வரும், கண்டுகொள்ள வேண்டாம். இன்ஸ்டால் செய்யும்போது விண்டோஸ் அனுமதி கேட்கும் பெட்டியில் வெளியீட்டாளர் பெயர் மொசில்லா கார்ப்பரேஷன் என்று இருக்கிறதா என்று படித்துவிட்டு "யெஸ்" கொடுங்கள். வேறு பெயர் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எந்தத் தளத்திலாவது பக்கத்தின் நடுவே "உங்கள் பிரவுசர் பழையது, அப்டேட் செய்க" என்று பொத்தான் வந்தால் தொடாதீர்கள். திருட்டு மென்பொருளை உள்ளே நுழைக்க உலகம் முழுக்க நடக்கும் வேலை அது. ஃபயர்பாக்ஸ் தானாகவே அப்டேட் ஆகும். சந்தேகம் இருந்தால் மெனுவில் ஹெல்ப், அதற்குள் அபவுட் ஃபயர்பாக்ஸ் திறந்து பாருங்கள்.

புக்மார்க்கும் பாஸ்வேர்டும்

புக்மார்க் சுலபம். ஃபயர்பாக்ஸை முதல்முறை திறக்கும்போதே பழைய பிரவுசரிலிருந்து கொண்டுவரவா என்று கேட்கும். விட்டுவிட்டால் செட்டிங்ஸில் உள்ள தேடல் பெட்டியில் இம்போர்ட் என்று தேடினால் அந்த வசதி கிடைக்கும். செட்டிங்ஸ் பக்கத்தின் அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும், தேடல் பெட்டி மட்டும் மாறாது. இனி நான் சொல்லும் எல்லாவற்றையும் அதில் தேடியே எடுங்கள்.

நிதானம் தேவைப்படும் இடம் பாஸ்வேர்டு. குரோமிலிருந்து ஃபயர்பாக்ஸுக்குப் பாஸ்வேர்டுகளைக் கொண்டுபோக நம்பகமான வழி, ஒரு ஃபைல் மூலமாக மாற்றுவது. குரோமில் கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரைத் திறந்து, அதன் செட்டிங்ஸில் எக்ஸ்போர்ட் பாஸ்வேர்ட்ஸ் கொடுங்கள். விண்டோஸ் பின் எண்ணைக் கேட்கும். பிறகு சிஎஸ்வி வகையில் ஒரு ஃபைல் சேமிக்கப்படும். அதை டெஸ்க்டாப்பில் வையுங்கள், கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும்.

அந்த ஃபைலை எக்செல்லில் திறந்து பார்த்தவர்கள் ஒரு நிமிடம் அதிர்ந்து போவார்கள். முதல் பத்தியில் தளத்தின் பெயர், அடுத்து முகவரி, அடுத்து யூசர்நேம், அதற்கடுத்து பாஸ்வேர்டு, நட்சத்திரக் குறி எதுவும் இல்லாமல் அப்படியே பச்சையாக. பேங்க், ஜிமெயில், மின்வாரியம், ரயில் டிக்கெட், எல்லாம் ஒரே தாளில். அந்த ஃபைல் யார் கையில் கிடைத்தாலும் உங்கள் கணக்குகள் அவர் கையில். ஆகவே அதை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்வது, மெயிலில் போட்டு வைப்பது, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது, எதுவும் கூடாது. பாஸ்வேர்டு மாற்றும் வேலையை வீட்டில், உங்கள் கணினியில், ஒரே மூச்சில் முடியுங்கள்.

ஃபயர்பாக்ஸில் மெனுவைத் திறந்து பாஸ்வேர்ட்ஸ், அங்கே மூன்று புள்ளி, இம்போர்ட் ஃப்ரம் எ ஃபைல். ஃபைலைக் காட்டியதும் எத்தனை பாஸ்வேர்டு சேர்ந்தது என்று சொல்லும். இரண்டு மூன்று தளங்களில் நுழைந்து பார்த்து, வேலை செய்வது உறுதியானதும் டெஸ்க்டாப்பில் அந்த ஃபைலைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டோடு டெலீட் அழுத்துங்கள். வெறும் டெலீட் என்றால் ரீசைக்கிள் பின்னில் உட்கார்ந்திருக்கும். டெஸ்க்டாப் மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவோடு இணைந்திருந்தால் அங்கேயும் ஒரு நகல் போயிருக்கும், அதையும், அதன் ரீசைக்கிள் பின்னையும் பார்த்து அழியுங்கள்.

அடுத்து செட்டிங்ஸில் பிரைமரி பாஸ்வேர்டு என்று தேடி, ஒன்றை வையுங்கள். இது இல்லாவிட்டால், திறந்து கிடக்கும் உங்கள் லேப்டாப்பில் உட்காரும் யாரும் சேமித்த பாஸ்வேர்டுகளை வைத்து உங்கள் கணக்குகளில் நுழைந்துவிடலாம். இதை மறந்தால் மீட்டெடுக்க வழி கிடையாது. ரீசெட் செய்யலாம், ஆனால் சேமித்த பாஸ்வேர்டுகள் போய்விடும். ஆகவே ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். வீட்டுப் பீரோவில் இருக்கும் நோட்டை ரஷ்யாவில் இருக்கும் திருடனால் படிக்க முடியாது.

கட்டாயம் செய்ய வேண்டிய மூன்று மாற்றங்கள்

யூபிளாக் ஆரிஜினை முதலில் போடுங்கள். மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸ் திறந்து தேடினால் ஒரே மாதிரிப் பெயரில் சில வரும். ரேமண்ட் ஹில் என்ற பெயரும், ரெக்கமெண்டட் என்ற சின்னமும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இதோடு இன்னொரு விளம்பரத் தடுப்பானைச் சேர்க்காதீர்கள், இரண்டும் மோதிக்கொள்ளும்.

அடுத்தது நோட்டிஃபிகேஷன். செட்டிங்ஸில் அந்தச் சொல்லைத் தேடி, அங்குள்ள பொத்தானைத் திறந்து, புதிய கோரிக்கைகளைத் தடுக்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். பண்ருட்டி லேப்டாப்பில் நடந்தது இனி உங்களுக்கு நடக்காது.

மூன்றாவது, எச்டிடிபிஎஸ் ஒன்லி மோட். இதைப் போட்டால் பிரவுசர் முடிந்தவரை பூட்டப்பட்ட இணைப்பில் மட்டுமே போகும். பழைய சில தளங்களில் எச்சரிக்கைப் பக்கம் வரும். வெறுமனே படிக்கவேண்டிய தளம் என்றால் தொடரலாம். ஆதார் எண், பாஸ்வேர்டு, கார்டு எண் கேட்கும் தளம் என்றால் திரும்பிவிடுங்கள்.

தளம் விட்டுத் தளம் உங்களைப் பின்தொடர்வதைத் தடுக்கும் டிராக்கிங் தடுப்பை ஸ்டாண்டர்ட் நிலையிலேயே விடுங்கள். ஸ்டிரிக்ட் வைத்தால் சில தளங்கள் படுத்துவிடும், புதிதாக வருபவருக்கு ஃபயர்பாக்ஸ் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

அரசுத் தளமும் பேமெண்டும் மக்கர் செய்தால்

பலர் திரும்ப குரோமுக்கே ஓடுவது இங்கேதான். கரண்ட் பில் கட்டப் போகிறீர்கள், "பே" அழுத்தியதும் ஒன்றுமே நடக்கவில்லை. பதறி மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். பக்கத்தின் மேலே பாருங்கள், ஒரு பாப்-அப் தடுக்கப்பட்டது என்று மெல்லிய பட்டை வந்திருக்கும். அதிலுள்ள ஆப்ஷன்ஸ் அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் யூபிளாக் சின்னத்தை அழுத்தி, பெரிய பவர் பொத்தானை அணைத்துப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். அந்தத் தளத்துக்கு மட்டும்தான் அணையும். அதற்கும் மசியாவிட்டால் முகவரிப் பட்டையின் இடப்பக்கக் கேடயச் சின்னத்தில் அந்தத் தளத்துக்குத் தடுப்பை நிறுத்திப் பாருங்கள். பணம் கணக்கிலிருந்து போய்விட்டதா என்று பேங்க் செய்தியைச் சரிபார்த்துவிட்டே மறுமுறை கட்டுங்கள்.

டெண்டர், ஜிஎஸ்டி என்று டிஜிட்டல் கையொப்பச் சாவியைச் செருகி வேலை செய்கிறவர்கள் அந்தந்தத் தளம் எந்த பிரவுசரைச் சொல்கிறதோ அதிலேயே செய்யுங்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இருந்தால்தான் ஓடும் என்று அடம்பிடிக்கும் பழைய தளங்களுக்கு எட்ஜில் ஐஇ மோட் உண்டு. குறைந்தது 2029 வரை அது இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. பழைய பிரவுசரை அழிக்க வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

வீட்டுக்கு ஏற்றபடி

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதைச் செய்து கொடுத்துப் பாருங்கள். செட்டிங்ஸில் ஃபான்ட்ஸ் என்று தேடி, அட்வான்ஸ்டு பொத்தானைத் திறந்தால் மேலே ஒரு மொழிப் பட்டியல் வரும். அதில் தமிழைத் தேர்ந்தெடுத்து, தமிழ் எழுத்துக்கு மட்டும் தனி எழுத்துரு, தனி அளவு, இதற்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு குறைந்தபட்ச அளவு எல்லாம் வைக்கலாம். கண்ணாடியைத் தேடாமல் செய்தி படிக்க முடிகிறது என்றால் அப்பாவுக்கு வேறு விளக்கமே தேவைப்படாது. செய்திப் பக்கங்களில் முகவரிப் பட்டையில் தாள் போன்ற சின்னம் தெரிந்தால் அழுத்துங்கள், விளம்பரமும் இரைச்சலும் போய்க் கட்டுரை மட்டும் நிற்கும்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்கும், பாரிஸில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கும் ஒரு வசதி. 2023 முதல் ஃபயர்பாக்ஸ் பிரெஞ்சுப் பக்கத்தை ஆங்கிலத்துக்கு உள்ளேயே மொழிபெயர்க்கிறது. வேலை உங்கள் கணினியிலேயே நடக்கும், பக்கத்தில் இருப்பது வெளி சர்வருக்குப் போகாது. பென்ஷன், கன்சுலேட் சம்பந்தப்பட்ட பக்கங்களைப் பார்க்கிறவர்களுக்கு இது முக்கியம்.

கடைக்கணக்கு ஜிமெயிலும் வீட்டு ஜிமெயிலும் குழம்புகிறதா? மொசில்லாவே தரும் மல்டி-அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ் எக்ஸ்டென்ஷனைப் போடுங்கள். ஒவ்வொரு கணக்கும் தனி நிற டேபில் ஓடும். பேங்குக்கு ஒரு நிறம் ஒதுக்குவது நல்ல பழக்கம்.

ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போய்ப் போய் வருவது நமக்குப் புதிதில்லை. செட்டிங்ஸில் முந்தைய விண்டோ, டேப்களைத் திறக்கும் கட்டத்தில் டிக் போட்டுவிடுங்கள். 2015 வெள்ளத்தில் கணினியோடு எல்லாம் போனவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், புக்மார்க்கை ஒரு ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து வேறிடத்தில் வைத்திருங்கள்.

மொபைல்

ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரிலிருந்து ஃபயர்பாக்ஸை இறக்கி அதிலும் யூபிளாக் ஆரிஜினைப் போடலாம். நம்மில் பெரும்பாலோர் சமையல் குறிப்பும் ஜோசியமும் போனில்தானே பார்க்கிறோம், அங்கே வித்தியாசம் உடனே தெரியும். மொசில்லா கணக்கு ஒன்று தொடங்கி, கணினியில் காட்டும் க்யூஆர் கோடைப் போனில் ஸ்கேன் செய்தால் புக்மார்க்கும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாகிவிடும். ஐபோனில் ஃபயர்பாக்ஸ் ஆப்பிளின் எஞ்சினிலேயே ஓடுகிறது, இந்த எக்ஸ்டென்ஷன்கள் அங்கே கிடையாது.

வெளியே, பிரவுசிங் சென்டரில்

ஃபயர்பாக்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பிரைவேட் விண்டோ திறக்கும். மூடியதும் வரலாறும் லாகினும் போய்விடும். ஆனால் அந்தக் கணினியில் யாராவது விசைகளைப் பதிவு செய்யும் மென்பொருள் வைத்திருந்தால் பிரைவேட் விண்டோவால் ஒன்றும் செய்ய முடியாது. பேங்க் வேலையை அங்கே செய்யாமலிருப்பதே நல்லது. இறக்கிய ஆதார் பிடிஎஃப் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கிறதா என்று பார்த்து அழித்துவிட்டு எழுந்திருங்கள். அந்த பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான், தெரிந்தவர் யாரும் திறந்துவிடலாம்.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

கடைசியாகப் பழைய பிரவுசரில்

சில வாரம் ஃபயர்பாக்ஸில் எல்லாம் ஓடிப் பழகியதும், செட்டிங்ஸில் அதை டிஃபால்ட் பிரவுசராக ஆக்குங்கள். அதன்பிறகு குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளை அழிக்கலாம். ஒரே பாஸ்வேர்டுகள் இரண்டு இடத்தில் கிடப்பதால் யாருக்கும் லாபமில்லை. ஆனால் குரோம் உங்கள் கூகுள் கணக்கோடு சிங்க் ஆகியிருந்தால், கணினியில் அழித்தது போனிலிருந்தும் அழியும். போன் ஆப்கள் தானாக நிரப்பிக்கொண்டிருந்த பாஸ்வேர்டும் அதோடு போகும். ஆகவே முதலில் போனிலுள்ள ஃபயர்பாக்ஸில் செட்டிங்ஸ், பாஸ்வேர்ட்ஸ் போய், பிற ஆப்களிலும் நிரப்பும் வசதியை இயக்குங்கள். ஒரு ஆப்பில் வெளியேறி மீண்டும் நுழைந்து, பாஸ்வேர்டு ஃபயர்பாக்ஸிலிருந்து வருகிறதா என்று பார்த்த பிறகு குரோமில் கை வையுங்கள்.